தவளைக்கு ஒரு துஆ

கட்சி தாவினவனுக்கு எங்கள் மலேசியப் பேராக்கில் ஒரே பெயர்தான்: காத்தாக். அதாவது தவளை. போன மாதம் அந்தப் பெயர் என் தங்கை நஸ்ரியாவின் புருஷன் அஸ்வானுக்கு வந்தது. வைத்தது யாரென்று கேட்டால், நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே!

ஜெலாப்பாங்கில் என் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டே, எங்கள் கட்சியின் கிளைத் தலைவன் ஸைஃபுலிடம் வீரம் பேசிவிட்டேன். "வியாழக்கிழமை யாசின் ஓதி முடிஞ்சு நான்தானே துஆ ஓதுவேன்? அதுலயே அவனை வச்சுச் செய்றேன் பாரு லா." அவன் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

வியாழன் அந்தியில் மஃரிபுக்கு எங்கள் தொழுகைக்கூடமான சூராவ் நிரம்பி வழிந்தது. தொழுகைக்கு வந்த கூட்டமா அது? என் வாயைப் பார்க்க வந்த கூட்டம். ஸைஃபுல் முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நேரலை போட்டிருந்தான்.

ஒரு மாதமாக என்னோடு பேசாத அஸ்வான் நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். யாசின் முடிந்ததும் என் காதருகே குனிந்தான்.

"மச்சான், நஸ்ரியாவுக்கு நாளைக்குக் காலையில நெஞ்சுல ஆபரேஷன். யாருக்கும் சொல்ல வேணாம்னு சொன்னா. எனக்கு மனசு கேக்கல. உங்க வாயால கேளுங்க."

எழுந்து ஓடலாமென்றால் முன்னும் பின்னும் முழங்கால்கள். எல்லோரும் கையேந்தியாகிவிட்டது.

அரபு துஆவை இழுத்தேன். பிறகு தமிழில், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, பாகான் டத்தோவில் வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு, ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்கு என்று அகப்பட்டதையெல்லாம் கேட்டேன். ஆமீன், ஆமீன். கை வலித்தது. ஸைஃபுல் செருமினான். "அண்ணே, காத்தாக் எங்க லா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

பேசாமல் முடித்திருக்கலாம். முடித்தால் நாளைக்குக் கடையில் வைத்து என்னைக் கிழித்துவிடுவார்கள். கேடுகெட்ட ரோஷம்! கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"யா அல்லாஹ், தாவித் தாவிக் கால் ஓய்ஞ்ச தவளைங்களுக்கும் ஒரு நல்ல குட்டையைக் காட்டு."

பழக்கத்தில் ஆமீன் சொல்லிவிட்டுத்தான் சிரித்தார்கள். அஸ்வானும் ஆமீன் என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவசர அவசரமாக அடுத்ததைக் கேட்டேன்.

"யா அல்லாஹ், என் தங்கச்சி நஸ்ரியாவைக் காப்பாத்து."

சூராவே வெடித்துச் சிரித்தது. தவளையிடமிருந்து அவளைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "அதுதான் லா!" என்று ஸைஃபுல் தொடையில் தட்டினான்.

"இது நெசம்," என்றேன். "நெசமாத்தான் கேக்குறேன்."

அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

அத்தனை சிரிப்புக்கு நடுவே ஆமீன் சொன்னவன் ஒரே ஒருத்தன், அஸ்வான். கேட்ட நான்கூடச் சொல்லவில்லை.