உணவகத்துப் பின்கரைத் தண்ணீர்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் அழகப்பன் நடத்திய மீன்பிடிக் குளம் நாற ஆரம்பித்ததும், அவர் விரல் நீட்டியது பக்கத்து ஊழியர் விடுதியை நோக்கித்தான்.

"வேற யாரு லா? எல்லாம் அங்கேர்ந்து வர்றதுதான்" என்றார். விடுதிக்காரர்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் கரையோரப் பாதையைத் தகரத்தால் அடைத்தும் விட்டார். அது அவர் நிலம்கூட இல்லை.

தன் பேச்சை நிரூபிக்கத்தான் முனீராவை வரவழைத்திருந்தார். சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கிய ஆய்வு நிறுவனத்தில் அவள் நுண்ணுயிர் ஆய்வாளர். மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தாள்: விடுதியிலிருந்து குளத்துக்கு வரும் வடிகால், குளத்தின் நடு, அழகப்பனுடைய உணவகத்தின் பின்கரை. வடிகட்டி, டிஎன்ஏவைப் பிரித்து, ஸ்டேப்ளர் அளவே இருந்த கருவியில் ஏற்றி மடிக்கணினியோடு இணைத்தாள். தண்ணீரில் என்னென்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று அது கரையிலேயே படித்துச் சொல்லிவிடும்.

மாலைக்குள் தெரிந்துவிட்டது. விடுதி வடிகாலில் மழைநீரில் வழக்கமாக இருப்பவைதான். உணவகத்தின் பின்னாலோ மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா மொய்த்தது. மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதே முடிவு. உணவகக் கழிவறைக் குழாய்தான் எங்கோ உடைந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆய்வு நிறுவனத்தின் முதலாளி அசோக் தயாராக வைத்திருந்த அறிக்கையில், குளத்தின் நடுவே எடுத்த தண்ணீர் மட்டும்தான் இருந்தது. 'மனிதக் கழிவு கலந்துள்ளது. அருகில் ஊழியர் விடுதி உள்ளது.'

முனீராவுக்குக் காது மடல் சுட்டது.

"மத்த ரெண்டு சாம்பிள் எங்க?"

"கிளையன்ட் குளத்தைத்தான் டெஸ்ட் பண்ணச் சொன்னாரு. நாம பொய் ஒண்ணும் எழுதலையே."

"எழுதல. படிக்கிறவங்களை நம்ப வைக்கிறீங்க."

"எமோஷனல் ஆகாதீங்க லா, முனீரா."

"அத்தனை பேர் மேலயும் மலத்தைப் பூசுறீங்க. எனக்குக் கோபம் வரக் கூடாதா?"

பிற்பகல் குளக்கரையில் கூடினார்கள். விடுதி மேலாளர் சுந்தரமும் வந்திருந்தார். அசோக் வாசித்து முடித்ததுமே முனீரா மடிக்கணினியைச் சுந்தரத்தின் பக்கம் திருப்பினாள்.

"சார், உங்க வடிகால்ல கழிவு இல்ல. இவரோட டாய்லெட்லேர்ந்துதான் வருது."

அழகப்பன் எழுந்துவிட்டார். "உன்னை யாரு பேசச் சொன்னது?"

"தோண்டிப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா இங்கேயே மன்னிப்புக் கேக்கிறேன்."

சுந்தரம் அதிகாரிகளை அழைப்பதாகச் சொன்ன பிறகுதான் தோண்டினார்கள். குழாய் நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

குழாயை மாற்றினார்கள். அடுத்த வாரம் தண்ணீரைச் சோதிக்க முனீரா மறுபடி போனபோது நாற்றம் இல்லை. தகரம் மட்டும் அப்படியே நின்றது. வேலை முடிந்து வந்தவர்கள் வெயிலில் பெரிய சாலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

அழகப்பனுக்குப் போன் போட்டாள். "வேலியை ஏன் இன்னும் எடுக்கல?"

"இருக்கட்டுமே. பாக்க நீட்டா இருக்கு."

அவள் போனை வைத்தாள். அங்கேயே நின்று மூன்று இடத்து முடிவுகளையும் தன் பெயர் போட்டுச் சுந்தரத்துக்கு அனுப்பினாள். அவர் அதை வைத்து அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்.

வேலியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அசோக் அவளை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார். நின்றுவிட்டாள், அதில் அவளுக்கு வருத்தமில்லை. தகரத்தைக் கழற்றியபோதுகூட அந்த ஊழியர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம்தான் அவளுக்கு ஆறவேயில்லை.