நீலச் சிராய்ப்பு

ஊரில் யாருக்கும் அவர் பெயர் ஞாபகமில்லை. "பாலம் வீடு எது?" என்று கேட்டால் போதும், சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். லாரி ஓட்டிய காலத்தில் ஒரு மழை நாளில், உயரமான கூண்டு வைத்த வண்டியோடு நெடுஞ்சாலை இரும்புப் பாலத்துக்குள் நுழைந்தவர், தலைக்கு மேல் போகும் குறுக்கு உத்திரத்தில் இடித்துவிட்டார். அடுத்த வாரமே பாலத்தை மூடிவிட்டார்கள். பிறகு ஊர் சும்மா இருக்குமா?

இப்போது அங்கே வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறார்களாம். நகராட்சி அலுவலர் வீட்டுக்கே வந்து, "நீங்க இடிச்சதாலதானே மூடினாங்க? அப்படியே எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனுஷன் தட்டைத் தொடவில்லை. பேரப்பிள்ளைகள் படிக்கும் பலகையாயிற்றே!

மருமகளுக்கு வேறு குடைச்சல். கார் பட்டறையில் நசுங்கிய வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவள் அவள். இடிபட்ட இரும்பைக் கிட்டப் போய்ப் பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும். பட்டறை ஏணியோடு கிளம்பினாள். அலுவலரும் வந்தார். மாமனார் மட்டும் பாலத்து முனையிலேயே நின்றுகொண்டார்; அந்த நாளுக்குப் பிறகு அவர் உள்ளே கால் வைத்ததில்லை.

ஏணியில் ஏறி, உத்திரத்தின் நெளிசலை ஈரத் துணியால் துடைத்தாள். அடேயப்பா, ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கலாம்! ஆனால் உள்ளே பச்சைப் பெயிண்ட் கீறல்கூட இல்லாமல், பிரஷ் இழுத்த கோடு தெரிய அப்படியே இருந்தது.

"சார், மூடின பிறகு யாராவது பெயிண்ட் அடிச்சாங்களா?"

"மூடின பாலத்துக்கு எவன்மா அடிப்பான்?"

"அப்ப இது மாமா இடிச்சதில்ல சார். இரும்பு இவ்வளவு நெளிஞ்சா பெயிண்ட் தெறிச்சிருக்கணுமே! நெளிசல் முதல்ல, பெயிண்ட் அப்புறம்."

பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிராய்ப்பு. பச்சை உரிந்த இடத்தில் வேறு நிறம் அப்பியிருந்தது.

"மாமா, உங்க வண்டி என்ன கலர்?"

"நீலம். ஏம்மா?"

"நீங்களே வந்து பாருங்க!"

தயங்கித் தயங்கி வந்தார். ஏணியில் ஏறி அந்த நீலத்தை விரலால் தடவினார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம்..." கண் கலங்கிவிட்டது.

"அப்ப எதுக்குத்தான் மூடினாங்க?" என்றார் அலுவலர். மருமகள் கீழே கை காட்டினாள். பாலத்தின் அடி மூட்டுகளைத் துரு தின்று தீர்த்திருந்தது; துருக் குழிகளுக்கு மேலேயே அதே பழைய பச்சைப் பெயிண்டைப் பூசியிருந்தார்கள்.

அலுவலருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சரி, அந்தப் பெரிய நெளிசல் யார் வேலை? விசாரிச்சுப் பிடிச்சுடுவோம். பலகையில பேரோட போடலாம்!"

"வேணாம் சார், விடுங்க." மாமனார் ஏணியிலிருந்து இறங்கினார். "அந்த ஆளு எங்கேயோ நிம்மதியா சாப்பிட்டுட்டு இருப்பான். சாப்பிடட்டும்."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல என்னம்மா இருக்கு? பசி உயிர் போகுது."