ஏழாம் பக்கத்தில் ஒரு ஃபயர்வோல்

1.

எழும்பினேன். பல் தீட்டினேன். வாசலில் ஒரு மான் நின்று குரோட்டன் இலையைத் தின்றது. துரத்தினேன். பாண்காரரின் ஆட்டோ வந்தது. காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பாண் வாங்கினேன். பிளேன்ரீ போட்டேன். சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டேன். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். உவர்மலை இறக்கத்தில் துறைமுகம் தெரியும். தெரிந்தது. வேலைக்குப் போனேன்.

மேலே உள்ளது என் மனைவி யசோதராவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்காக நான் எழுதிய பந்தி. வட்ஸ்அப்பில் மாமிக்கு, அவளுடைய அம்மாவுக்கு, அனுப்பினேன். மாமி உடனே போன் எடுத்தார்.

"தம்பி, மான் இருக்கு. பாண் இருக்கு. என்ர பிள்ளை எங்க?"

நியாயமான கேள்வி. விமர்சகர்களும் அதைத்தான் கேட்பார்கள், இன்னும் நீளமாக.

திவசத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் மெல்லிய புத்தகம் அது. தேவாரம், படம், வம்சாவழி, நன்றி நவிலல் எல்லாம் தயார். ஏழாம் பக்கம் கணவருக்கு. அது மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் மாமிக்கு வேண்டியது ஒரே ஒரு வசனம்: யசோதரா கடைசியாகச் சொன்னது.

யசோதரா பஸ் தரிப்பிடத்தில் விழுந்தாள். தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் பேசவில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னர் எனக்குப் போன் எடுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் யாருடனும் பேசியதாகத் தெரியவில்லை. ஆகவே அந்த வசனம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் அதை மாமிக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த வசனத்தில் மாமியும் வருகிறார். அவ்வளவு நல்ல விதமாக இல்லை.

இரண்டாவது தடவை எழுத உட்கார்ந்தேன். போன கிழமை திருத்திய ஒரு ஃபயர்வோலைப் பற்றிய கதை வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2.

கதாநாயகன் பெயர் ரிஷிகேசன். வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளன். கல்யாணமாகாதவன்.

[என் பெயர் ரிஷிகேசன் இல்லை. மனைவியை இழந்தவன் என்று எழுதினால் வாசகர் இரண்டாம் வரியிலேயே அவனுக்காகக் கவலைப்படத் தொடங்கிவிடுவார். எனக்கு ஃபயர்வோலுக்காகக் கவலைப்படும் வாசகர் வேண்டும்.]

தொடக்கங்கள்:

அ) திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள்

(விட்டுவிட்டேன். உல்லாசப் பயணிகளுக்கான துண்டுப் பிரசுரம் போல இருக்கிறது.)

ஆ) யசோதரா சிரிக்கும்போது அவளுடைய இடது

(இது வேறு கதை. எப்படி இங்கே வந்தது என்று தெரியவில்லை.)

இ) பெட்டி மெதுவாக இருந்தது.

இது பரவாயில்லை. பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

பெட்டி மெதுவாக இருந்தது.

இடம், உட்துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். பெட்டி என்றால் ஃபயர்வோல். அலுவலகக் கணினிகளுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் நிற்கும் காவல்காரன். அதற்கு அப்டேட் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மத்தியானத்தோடு இணைப்பை வெட்டிவிடுவதாகக் கொழும்புத் தலைமையகம் அறிவித்திருந்தது. பின்னேரம் ஒரு கோதுமைக் கப்பல் வருகிறது. அதன் ஆவணங்கள் அந்த இணைப்பால்தான் போகவேண்டும். அப்டேட்டோ முதல் நாளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

ரிஷிகேசன் பெட்டியின் பின்புறத்தில் நீலநிறக் கேபிளைச் செருகி, மறு நுனியை லப்டொப்பில் மாட்டினான்.

[இதற்குப் பெயர் சீரியல் கொன்சோல். வலையமைப்பு முழுவதும் படுத்துவிட்டாலும் பெட்டியோடு நேரே பேசும் வழி. படம் கிடையாது, எழுத்து மட்டும். நீங்கள் ஒன்று கேட்பீர்கள், அது ஒன்று சொல்லும். சில கல்யாணங்களை விட நல்ல ஏற்பாடு. என்னுடையதைச் சொல்லவில்லை.]

அலுவலக மனேஜர் பாஹிம், கிண்ணியாக்காரர், எல்லோருக்கும் 'நானா' (அண்ணன்), கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, நெட் ஸ்லோவா, நீங்க ஸ்லோவா?"

"பெட்டிதான் ஸ்லோ, நானா."

"முதல்ல வந்தவரும் அதத்தான் சொன்னார். பாவம், வாயில்லாத சாமான். எல்லாரும் பழிய அதுக்கு மேலயே போடுறீங்க."

"வாய் இருக்கு நானா. இந்தக் கேபிள்தான்."

பாஹிம் திரையை எட்டிப் பார்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன.

"இதென்ன, தந்தி அடிக்குதா? நாம மூதூருக்கு நடந்தே போயிட்டு வரலாம் போல இரிக்கி."

ரிஷிகேசன் முதலில் கேபிளைச் சந்தேகித்தான். மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இணைய இணைப்பைச் சந்தேகித்தான்.

"லைன்ல பிழையில்ல," என்றார் பாஹிம். "என்ட போன்ல கிரிக்கெட் பறக்குது. பாருங்க, அவுட்டும் ஆகிட்டான்."

அடுத்ததாகப் பெட்டியின் நினைவகம். அதில் தாராளமாக இடம் இருந்தது. எழுத்து ஊர்வது கொன்சோலின் சுபாவம். அப்டேட் இறங்கும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது ரிஷிகேசனுக்குத் தெரிந்த விடயம்தான். ஆனால் அரை மணித்தியாலமாக அதையும் சேர்த்துச் சந்தேகித்துக்கொண்டிருந்தான். மெதுவாக வருவது எல்லாமே ஒரே காரணத்தால்தான் மெதுவாக வருகிறது என்று மனம் நினைத்துக்கொள்கிறது.

[இந்த வசனம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்த வசனங்களை வெட்ட வேண்டும் என்பார்கள். வெட்டவில்லை.]

கடைசியில் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்தான். ஒரு சிறு கோப்பு. "இணைகிறது" என்று திரையில் வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு கண் மூடித் திறப்பதற்குள் கோப்பு முழுதாக வந்து சேர்ந்தது. அடுத்த கோப்பு. "இணைகிறது." திரும்பவும் அதே நிற்பு.

இறங்குவதில் தாமதம் இல்லை. தொடங்குவதில்தான் தாமதம்.

அப்போது ரிஷிகேசனின் போன் அடித்தது. மாமி.

4.

இங்கே ஒரு சிக்கல். ரிஷிகேசனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாமி எங்கிருந்து வருவார்?

அவனுடைய அம்மா எடுத்ததாக மாற்றிப் பார்த்தேன். சரிவரவில்லை. எந்த அம்மாவும் மகனிடம் இவ்வளவு மரியாதையாகக் கதைப்பதில்லை. பெரியம்மா என்று போட்டேன். பெரியம்மாவுக்கு ஏழாம் பக்கத்தோடு என்ன வேலை?

ரிஷிகேசனை இந்த இடத்தில் இறக்கிவிடுகிறேன். நல்ல பொடியன். வேறு கதையில் வேலை கிடைக்கும். இனி நான்.

"தம்பி, வேலையோ?"

"ஓம் மாமி. சொல்லுங்கோ."

"பிரஸ்காரர் திருப்பியும் எடுத்தவர். ஏழாம் பக்கம் மட்டும் வெறுமையாக் கிடக்காம். ஒரு பூப்படம் போட்டு மூடட்டோ எண்டு கேக்கிறார்."

"நான் எழுதுறன் மாமி."

"நீங்கள் எழுதினா மான்தான் வரும். சொல்லுங்கோ, நான் எழுதுறன். என்ன சொன்னவள்?"

"வழமையான கதைதான் மாமி."

"வழமையான கதையெண்டா என்ன? அதைச் சொல்லுங்கோவன்."

திரையில் "இணைகிறது" என்று நின்றது. பாஹிம் கப்பல் அட்டவணையைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார். நான் ஒரு வசனம் தயாரித்தேன்.

"'அம்மாவைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டவ."

மறுமுனையில் மாமி சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

"யசோவோ? தம்பி, அவள் அப்பிடிச் சொல்லியிருந்தா அந்த நிமிசமே டொக்டரிட்ட ஏத்திக்கொண்டு போயிருக்க வேணும்!"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பாஹிம் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குப் பொய் வராது," என்றார் மாமி. "கொம்பியூட்டர் படிச்ச ஆக்களுக்கு வராது. நல்ல வசனம் வேணுமெண்டு நான் கேக்கேல்லை தம்பி. அவள் சொன்னதைக் கேக்கிறன். அது உங்களிட்ட இருக்கு. என்னட்ட இல்லை."

"இப்ப ஏலாது மாமி. கப்பல் ஒண்டு வருது."

"வரட்டும். நான் எங்கயும் போகேல்லை. இருக்கிறன்."

வைத்துவிட்டார்.

5.

வேலைக்கு வருகிறேன்.

அப்டேட் வைத்திருக்கும் கணினிக்கு இரண்டு முகவரிகள். ஒன்று புது வகை. மற்றது பழைய வகை. பெட்டிக்குப் புது வகைதான் முதல் விருப்பம். ஒவ்வொரு கோப்புக்கும் முதலில் அங்கே போய்க் கேட்கும். ஆனால் அந்த அலுவலகத்தின் இணைப்பு புது வகையைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. கேள்வி போகும், நடுவழியில் எங்கோ விழும், பதில் வராது. பெட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய முகவரிக்குப் போகும். அங்கே உடனே கிடைக்கும். அடுத்த கோப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து.

பாஹிமுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப இவ்வளவு நேரமும் ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டா நிண்டது?"

"ஓம் நானா."

"ஆளில்ல எண்டு ஆராவது சொல்லியிருந்தா?"

"உடனே மற்ற வீட்டுக்குப் போயிருக்கும். 'இல்லை' எண்ட பதில் பெட்டிக்குப் பிரச்சினையில்லை. பதிலே வராட்டித்தான் நிண்டுபோகும்."

"மரியாதையான பெட்டி," என்றார் பாஹிம். "என்ட மனிசி ரெண்டாம் தட்டோட கதவ உடைச்சிருப்பா."

கொன்சோலில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: பழைய முகவரியை முதலில் கேள். கோப்புகள் மளமளவென்று இறங்கின. திரையில் எழுத்துகள்தான் பின்தங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தன.

[வாசகரே, நீங்கள் இங்கே ஒரு உவமையைக் கண்டிருப்பீர்கள். ஆளில்லாத வீடு, பதில் வராத அழைப்பு, மனைவியை இழந்தவன். நானும் கண்டேன். எழுதாமல் விடுவதாக இருந்தேன். ஆனால் பாஹிமுக்குச் சொன்ன பதிலை எழுதும்போது என் கை நின்றது. பதில் சொல்லாமல் இருப்பது யசோதரா இல்லை. அவளுக்கு அந்த வசதி இல்லை. தட்டிக்கொண்டு நிற்கிறவர் மாமி. உள்ளே இருந்துகொண்டு பேசாமல் இருக்கிறவன் நான்.]

6.

முடிவுகள். விருப்பமானதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது முடிவு: மத்தியானத்துக்கு முன் அப்டேட் ஏறியது. கோதுமைக் கப்பல் வந்தது. பாஹிம் கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி தந்தார். இது நடந்தது. ஆனால் இதை ஏழாம் பக்கத்தில் போட ஏலாது.

இரண்டாவது: ஏழாம் பக்கத்தில் அச்சகத்தில் தயாராக உள்ள கவிதை. "அன்பின் திருவுருவே" என்று தொடங்குவது. பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் கண்ணைத் துடைப்பார்கள். மாமி துடைக்கமாட்டார்.

மூன்றாவது: ஏழாம் பக்கத்தை வெறுமையாகவே விடுவது. அழுது எழுத முடியாமல் போய்விட்டான் என்று நினைப்பார்கள். நான் அழவில்லை. அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

நான்காவது முடிவை எழுதத் தொடங்கினேன். அதில் ஒருவன் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சாம்பல்தீவில் உள்ள மாமி வீட்டுக்குப் போகிறா

7.

வந்துவிட்டேன். மேலே இருக்கும் வசனத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதை முடிக்கவேண்டிய அவசியம் இப்போது இல்லை.

மாமி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்திருந்தது.

யசோதரா சொன்னதைச் சொன்னேன். அவள் சொன்ன அதே சொற்கள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மாமி குனிந்து மிளகாயைக் கிளறிவிட்டார்.

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"'ம்' எண்டனான்."

"'ம்' எண்டா?"

"அண்டைக்கும் ஒரு பெட்டி திருத்திக்கொண்டிருந்தனான் மாமி. ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு 'ம்' எண்டனான்."

"அவள் கேட்டதுக்கு 'ம்' ஒரு பதிலோ தம்பி?"

"இல்லை மாமி."

"பிறகு?"

"போனை வைச்சிட்டா."

அதற்குப் பிறகு மாமி என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவருடையது. ஒன்று மட்டும் சொல்லலாம்: இதையே போடச் சொன்னார். "நல்லா இல்லை. ஆனா அவள்தான்," என்றார்.

அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. ஏழாம் பக்கத்தில் தலைப்பு இல்லை, படம் இல்லை. யசோதராவின் வசனம் மட்டும் பக்கத்தின் மேல்பகுதியில் இருக்கும். அதன் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறது. அந்த வசனம் ஒரு கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"அம்மா தந்துவிட்ட மீன் குழம்பு இன்னும் கிடக்கு. வைக்கட்டோ, வெளியில ஊத்தட்டோ?"