முப்பதாவது கொய்யா

பதினொரு வீட்டுத் தோட்டத்துக் கொய்யா கதிர்வீச்சு அறைக்குள் போய் வெளியே வந்துவிட்டது. ஆய்வாளரின் கையெழுத்துதான் பாக்கி. போட்டால் லாரி இன்றே எல்லை நோக்கிக் கிளம்பும். சும்மா விட்டால் மூன்றே நாளில் குழைந்துவிடும் பழம், கதிர் பட்டால் மெதுவாகத்தான் பழுக்கும். சிகாகோ வியாபாரி கேட்டதும் அதுதான்: கடையில் ஒரு வாரம் கெடாமல் நிற்க வேண்டும். பதினொரு வீட்டுக்காகவும் கல்வீயோ ஊரிலிருந்து பழத்தோடு கூடவே வந்த ஒப்துலியா காலையிலிருந்து அங்கேயே காத்து நின்றாள்.

எல்லாரும் 'இன்ஜினியர்' என்றே கூப்பிடும் ஆய்வாளர் எர்மீலோ, மாதிரிக்கு முப்பது பழங்களை எண்ணி மேசையில் அடுக்கிவிட்டு, அறுத்துப் பார்க்கக் கத்தி எடுக்க உள்ளே போனார். ஓரத்துப் பழத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அவள் கை சும்மா இருக்குமா? நகத்தால் பிட்டுப் பார்த்தாள்.

உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது.

"அடப்பாவி, நீ இன்னும் சாகலையா?"

அவ்வளவு பெரிய அறை, அத்தனை கனமான சுவர், எல்லாம் எதற்கு, இந்தப் புழுவைக் கொல்லத்தானே? பதினொரு வீட்டு உழைப்பும் இந்த நூல்துண்டால் மண்ணாகப் போகிறதே! குப்பைத் தொட்டி அந்தக் கோடியில் இருந்தது. காலடிச் சத்தமோ பக்கத்தில் கேட்டது. எலுமிச்சை அளவுப் பழம்தான். புழுவோடு சேர்த்து வாயில் திணித்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கினாள்.

எர்மீலோ எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இருபத்தொம்பதுதான் இருக்கு. ஒண்ணு எங்கம்மா?"

"எனக்கென்ன தெரியும், இன்ஜினியர்? நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க."

"உங்க பல்லுல விதை ஒட்டியிருக்கு."

அதற்குமேல் அவளால் சமாளிக்க முடியவில்லை. "புழு இருந்துச்சு இன்ஜினியர். உசிரோட இருந்துச்சு. பயத்துல தின்னுட்டேன்."

எர்மீலோ கத்தியைக் கீழே வைத்தார். அவர் கோபப்படாததுதான் அவளை மேலும் பயமுறுத்தியது.

"உசிரோட இருந்தா என்ன? கதிர் பட்ட புழு ஈயாகாது, முட்டையும் போடாது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனா எண்ணி வெச்ச பழத்துல சரக்குக்காரங்க கை வெச்சா லோடு நின்னுடும். வேற ஆளு வந்து முதல்லேருந்து பார்க்கணும்."

"எப்ப வருவாங்க?"

"வியாழக்கிழமை."

இன்று வெள்ளி. ஒப்துலியா விரல் விட்டு எண்ணினாள். ஆறு நாள்.

"அப்புறம் கடையில எத்தனை நாள் தாங்கும், இன்ஜினியர்?"

எர்மீலோ அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்தார்.

"ஒரு நாள்."