ஒரு விரல் தள்ளி

முத்துமாலை எட்டு மாதம் கழித்து எங்கள் ஜிம்முக்குள் நுழைந்தபோது எல்லோரும் பயிற்சியை நிறுத்திவிட்டு அவன் தோளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சட்டைக்குள் பக்கத்துக்கு ஒரு தேங்காயை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் பின்னால் இஸ்ரவேல் அண்ணாச்சி நடத்திய தகரக் கொட்டகை அது. ஒரு பெஞ்ச், ஒரு பார், பட்டறையில் வார்த்த இரும்புத் தட்டுகள். நானும் அவனும் ஒரே நாளில்தான் அங்கே சேர்ந்தோம். பிறகு அவனுக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் பாத்திரக் கடை வேலை கிடைத்தது. கடைக்கு எதிர் மாடியில் மெஷின் ஜிம்.

"உக்காந்துக்கிட்டே தள்ளலாம்லே. எத்தனை தட்டு வேணுமோ, அந்த ஓட்டையில கம்பியச் சொருவினாப் போதும். சாயாது, விழாது" என்றான்.

"அப்ப நீ எதுக்குலே? அதுவே தள்ளிக்கிடுமே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாவட்டப் போட்டிக்கு எங்கள் எடைப் பிரிவில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அண்ணாச்சியின் நோட்டில் முத்துமாலை பெயர் இன்னும் இருந்தது, அதனால் வந்திருந்தான். அந்த இடம் எனக்குத்தான் என்று எட்டு மாதமாக நினைத்திருந்தேன். பனி கொட்டும் அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் நான் கோப்பையோடு இறங்குவதாகக்கூடக் கனவு கண்டிருந்தேன். நான் படிக்கும் ருஷ்ய நாவல்களில் எல்லா ஸ்டேஷனிலும் பனி கொட்டும்.

அவன் போன பிறகு எங்கள் பெரிய தட்டுகளில் ஒன்று உடைந்தது. பட்டறையில் புதிதாக வார்த்தது இரண்டு கிலோ கூடிவிட்டது. மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து எப்போதும் இடப்பக்கமே மாட்டுவோம். பார் சாயாமலிருக்க, கைகளை நடுவிலிருந்து ஒரு விரல் இடப்பக்கம் தள்ளிப் பிடிப்போம். பெஞ்சில் படுத்துத் தூக்குபவனுக்குத் தலைமாட்டில் காவலாக நிற்பவன் ஒவ்வொரு முறையும் "ஒரு விரல்" என்று சொல்லியாக வேண்டும். அது எங்கள் ஜிம்மின் சட்டம்.

யாரை அனுப்புவது என்று பார்க்க அண்ணாச்சி எங்கள் இருவரையும் தூக்கச் சொன்னார். நான் எண்பது கிலோ தூக்கினேன். எண்பத்தைந்து பாதியில் நின்றுவிட்டது. அதுவரை வெளியே உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த முத்துமாலை உள்ளே வந்து எண்பத்தைந்துக்குப் படுத்தான். நான் தலைமாட்டில் நின்றேன். என் நாவல்களில் பொறாமைக்காரன் துப்பாக்கியை எடுப்பான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பார் அவன் நெஞ்சுக்கு இறங்கியது. மேலே வரும்போது சிவப்புத் தட்டு சாய்ந்தது. சாயாத மெஷினில் பழகிய கை, சாய்வதை நிமிர்த்தத் தெரியாமல் இன்னும் வேகமாகத் தள்ளியது. பார் அவன் கழுத்தை நோக்கிச் சறுக்கியது. அவன் கண்கள் மேலே என்னைத் தேடின.

"ஒரு விரல்லே! இடப்பக்கம்!" என்று கத்திக்கொண்டே பாரைப் பிடித்துத் தாங்கியில் ஏற்றினேன்.

நான் முன்பே சொல்லவில்லை என்பது அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. என்னையே பார்த்தார்.

"மூச்சு வாங்கிக்கிட்டு இன்னொரு தடவ எடுலே. ஒரு விரல் தள்ளிப் பிடி" என்றார் முத்துமாலையிடம்.

இந்த முறை பார் நேராக ஏறியது. கடைசியில் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் ஏறிவிட்டது.

எழுந்தவன் ஈரக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீ பிடிக்கலேன்னா இன்னைக்கு என் கழுத்து போயிருக்கும்லே. அண்ணாச்சி, போட்டிக்கும் தலமாட்டுல இவனே வரட்டும். இவன் நின்னாத்தான் எனக்குப் பயம் இல்ல."

அண்ணாச்சி நோட்டில் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"என்னலே சங்கரா, போவுதியா? வாயத் தொறந்து சொல்லு."

"போவுதேன் அண்ணாச்சி" என்றேன்.

முத்துமாலை சட்டையை மாட்டினான். பொத்தான் எட்டவில்லை. அப்போதும் நான் அவன் நெஞ்சைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.