அண்ணன் சொன்ன அளவு

என் பேண்ட்டெல்லாம் தையற்கடை வைத்திருக்கும் அண்ணன் தைத்தவைதான். "தொப்பை போடுது, ஒரு டெஸ்ட் எடுங்களேன்" என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "கல்யாணத்தப்போ இருந்த அதே முப்பத்திநாலு இடுப்புதான்டி. அண்ணனையே கேளு" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன்.

நேற்று அலுவலக வாசலில் ஒரே ஒரு படி தவறிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டர் கேட்டார். "சர்க்கரை, பிரஷர், இடுப்பைச் சுத்திக் கொழுப்பு. எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கா இருந்தா எலும்பு வலுவிழந்துடலாம். கவனிக்கவே இல்லையா?"

"என் இடுப்பு முப்பத்திநாலு, டாக்டர்!"

நர்ஸ் டேப்பைச் சுற்றினார். "நாப்பத்திநாலு."

பார்க்க வந்திருந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நீ வருத்தப்படுவியேன்னுதான்டா... முப்பத்திநாலுன்னே சொல்லிட்டு, தைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டேன்."

எலும்பு முறிந்தபோதுகூட வராத கண்ணீர் அப்போது முட்டிக்கொண்டு வந்தது. அவர் கழுத்தில் எப்போதும்போல் டேப் தொங்கியது. நல்ல கையால் அதை உருவி அவரிடமே நீட்டினேன். பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள்.

"இப்ப அளந்து சொல்லுண்ணே. இவ காதுல விழற மாதிரி சொல்லு."

அண்ணன் குனிந்து டேப்பைச் சுற்றினார்.

"முப்பத்தி..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.