இரண்டாவது கவர்

ஞாயிறு ஆராதனையில் சபைப் போதகரான ஐயர், யார் எதற்காக நன்றி செலுத்துகிறார்கள் என்ற ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டை வாசித்தார். சுகப்பிரசவத்துக்காக ஒரு குடும்பம். வீட்டுக்குக் கூரை போட்டதற்காக ஒரு குடும்பம். பிறகு, "மகள் கெசியா கல்லூரியில் பி.காம். படிப்பில் சேர்ந்ததற்காக, கிருபைராஜ் குடும்பத்தார்."

பெண்கள் வரிசையில் இருந்த கெசியா நிமிர்ந்தாள். அவள் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "ஏப்பா, நான் எங்க சேந்தேன்?"

"வியாழக்கிழமை சேருவ."

"அதுக்குள்ள எதுக்கு ஸ்தோத்திரம்?"

"முன்கூட்டியே நன்றி சொல்லுததுக்குப் பேருதாம்ட்டி விசுவாசம்."

அம்மா தேவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சபையில வாசிச்சாச்சு. இனி மாத்துனா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

அதற்காகத்தான் அப்பா வாசிக்க வைத்திருக்கிறார் என்று கெசியாவுக்குப் புரிந்தது.

வள்ளியூருக்குத் தெற்கே காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனி முந்தின வாரம் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. இரண்டு வருடப் பயிற்சி. தேர்வுக்கு நாற்பது பேர் போனார்கள். கோபுரத்துக்குள் செங்குத்தாகப் போகும் ஏணியில், இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டு உச்சிவரை ஏற வேண்டும். பதினோரு பேர் ஏறினார்கள். கெசியா ஏழாவது. மேலே மூடியைத் தள்ளித் தலையை நீட்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. கீழே இறங்கினாள். மறுபடி ஏறச் சொன்னால் ஏறியிருப்பாள்.

"ஏறுதது பாதி வேலைதாம்மா," என்றார் மேற்பார்வையாளர் அகமது மீரான். "அங்கன போயி எந்த போல்ட்டு தளந்துருக்குன்னு கண்டுபிடிக்கதுதான் மிச்சப் பாதி. வார திங்கள விட்டு அடுத்த திங்கக்கெழமை ஒம்பது மணிக்கு வந்துரு. வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா. கையெழுத்து இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்புட்டுருவேன்."

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஆனாலும் கோபுரம் ஏறுகிறவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது கம்பெனி விதி.

சம்மதப் படிவத்தை அப்பாவின் மேசையில் வைத்தாள். கிருபைராஜ் அதை நகர்த்திவிட்டுக் காப்பி குடித்தார். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் நகர்த்தினார்.

"டிகிரி ஒண்ணு கையில இருக்கட்டும். அப்புறம் எதுல வேணும்னாலும் ஏறு."

"மூணு வருசம் கழிச்சு இந்த இடம் இருக்காதுப்பா."

"காத்து இருக்கும்லா? அது எங்க போயிரப் போவுது?"

வியாழக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவள் வீட்டுப் பாவாடையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரலப்பா."

அவர் கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தான் எழுத்தராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். மறுநாளும் படிவம் அதே இடத்தில் கிடந்தது.

சனிக்கிழமை கெசியா ஒரு காணிக்கைக் கவரை எடுத்தாள்.

காணிக்கைக் கவர்களைப் பிரித்து, ஐயர் வாசிக்க வேண்டிய சீட்டை எழுதுவது கிருபைராஜின் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக அவர் எழுத்துதான். ஒருவர் கவரில் என்ன எழுதியிருக்கிறாரோ அதை அப்படியே எழுதுவார். வேலித் தகராறில் அவர்மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்த பாக்கியசீலன், ஜெயித்ததற்காக ஒரு கவர் போட்டார். அதையும் ஒரு எழுத்துக் குறைக்காமல் எழுதிக் கொடுத்தவர்.

நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று கெசியா நினைத்தாள். இரண்டு வரி. ஒட்டினாள்.

ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போது அதை ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்டாள். பிறகு வேப்பமரத்தடியில் நின்று, ஆலயத்தின் பக்கத்து அறை ஜன்னலைப் பார்த்தாள். அப்பா ஒவ்வொரு கவராகப் பிரித்தார், எழுதினார். ஒரு கவரில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

இரண்டாவது மணி அடித்தது. அவள் உள்ளே போனாள்.

ஐயர் சீட்டை விரித்தார். பரீட்சையில் தேறியதற்காக. காய்ச்சல் நீங்கியதற்காக. ஐந்தாவது குடும்பம், ஆறாவது குடும்பம். கெசியா முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஐயர் சீட்டைத் திருப்பினார்.

"காற்றாலை வேலைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்காக," என்று வாசித்து நிறுத்தினார். கிருபைராஜைப் பார்த்தார். கிருபைராஜ் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெசியா," என்று ஐயர் முடித்தார்.

அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பாக்கியசீலன் மறித்தார். "என்ன வே கிருபை, போன வாரம் காலேஜி, இந்த வாரம் காத்தாடி. ஆண்டவருக்கே கொழம்பிரும் போலுக்கே. எது வே நெசம்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கெசியா அப்பாவின் பின்னால் நின்றாள்.

"இன்னைக்கு வாசிச்சது," என்றார் கிருபைராஜ்.

"அப்பம் போன வாரம்?"

"அது நான் அவசரப்பட்டு எழுதுனது வே."

பாக்கியசீலன் வழிவிட்டார்.

வீட்டில் கிருபைராஜ் சட்டையைக்கூட மாற்றாமல் மேசையில் உட்கார்ந்தார். படிவத்தை இழுத்து முதல் வரியிலிருந்து படித்தார். பின்பக்கத்தையும் படித்தார்.

"உச்சி வரைக்கும் ஏறுனியா?"

"ஏறுனேன்."

"நடுவுல நின்னியா?"

"ரெண்டு எடத்துல."

"பயந்துட்டியோ?"

"முத எடத்துல பயந்தேன். ரெண்டாவது எடத்துல மூச்சு வாங்கிச்சு."

அவர் கையெழுத்துப் போட்டார். சீட்டில் எழுதுகிற அதே நிதானமான எழுத்து. "நாளைக்கு ஏழு மணி பஸ்ஸுல போ. அடுத்த வண்டி நம்மூர்ல நிக்காது."

அடுப்படி வாசலில் நின்ற தேவமணி ஒரு வாரமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள். "அந்த இடுப்புப் பெல்ட்டு புதுசாட்டி, பழசா?"

"ஏறுததுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் நாமளேதாம்மா சரி பாக்கணும்."

"நீ பாப்பியா?"

"பாப்பேன்," என்றாள் கெசியா.